கூந்தலுக்கு யார் சாட்சி?

கூந்தலைப் பற்றித் தமிழ்நாட்டில் நடந்த முதல் சோதனை எது என்று கேட்டால், நம்மில் பலருக்கு மதுரைதான் நினைவுக்கு வரும். பாண்டிய மன்னனுக்கு ஒரு சந்தேகம் தோன்றியது. பெண்களின் கூந்தலுக்கு மணம் இயற்கையாகவே உண்டா, அல்லது பூவும் தைலமும் சேர்ந்து தருவதுதானா? சந்தேகத்தைத் தீர்ப்பவருக்கு ஆயிரம் பொன் என்று கிழி கட்டித் தொங்கவிட்டான். கல்யாணம் செய்துகொள்ளக் கையில் காசில்லாத தருமிக்காகச் சொக்கநாதரே பாட்டு எழுதிக் கொடுத்தார். சங்கத்தில் நக்கீரர் எழுந்து, பாட்டில் பொருட்குற்றம் இருக்கிறது என்றார். பிறகு நடந்தது, பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தைப் படித்தவர்களுக்கும், படிக்காமல் 1965-ல் வந்த திரைப்படத்தை மட்டும் பார்த்தவர்களுக்கும் நன்றாகத் தெரியும்.

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த இடம் நெற்றிக்கண் அல்ல, பாட்டுத்தான். தருமி கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தப் பாட்டு குறுந்தொகையில் இரண்டாவதாக இருக்கிறது. என் காதலியின் கூந்தலைவிட மணமுள்ள பூவை நீ அறிந்ததுண்டா என்று காதலன் ஒரு தும்பியைக் கேட்கிறான். கேட்கும்போதே, எனக்கு இதமாக இருக்கட்டும் என்று சொல்லாதே, கண்டதைச் சொல் என்று நிபந்தனையும் போடுகிறான். காட்டிலுள்ள பூக்களையெல்லாம் தேடிப்போய்ப் பார்த்த ஜீவன் அது. அதற்கு யாரும் சன்மானம் கொடுத்ததாகவும் தெரியவில்லை. இதைவிட நல்ல சாட்சி கிடைப்பது அரிது. ஆனால் தும்பி என்ன பதில் சொல்லிற்று என்பதைப் பாட்டு சொல்லவே இல்லை!

கூந்தல் விஷயத்தில் அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. இயற்கையா, செயற்கையா என்ற கேள்விகூட மாறவில்லை. பொற்கிழி மட்டும் கை மாறிவிட்டது. அன்று சந்தேகப்பட்டவன் பணம் கொடுத்தான். இன்று நம்புகிறவர்கள் கொடுக்கிறார்கள்.

காஞ்சிபுரத்துக்காரர்களிடம் நக்கீரர் கதையைச் சொன்னால் உடனே குமரகோட்டத்தைக் காட்டுவார்கள். கச்சியப்ப சிவாசாரியார் கந்தபுராணத்தை அரங்கேற்றியது அங்கேதான். முதற் செய்யுளின் முதற் சொல்லிலேயே ஒருவர் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி ஏது என்று தடுத்தாராம். அடி எடுத்துக் கொடுத்தவர் முருகன் என்று சொல்லியும் சபை ஒப்பவில்லை. மறுநாள் சோழ நாட்டிலிருந்து ஒரு புலவர் வீரசோழியத்தைக் கொண்டுவந்து விதியைக் காட்டின பிறகுதான் அரங்கேற்றம் மேலே சென்றது. கதை எவ்வளவு தூரம் சரித்திரம் என்பது வேறு விஷயம். சொன்னவர் யார் என்று பார்க்காமல், சொன்னதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்ட சபையைப் பற்றி ஓர் ஊர் பெருமையோடு கதை சொல்லி வருகிறதே, அதுதான் முக்கியம்.

அந்தப் புத்தி காஞ்சிபுரத்தில் கோயிலோடு நின்றுவிடவில்லை, தறிக்குழியிலும் இருக்கிறது. பட்டு அசலா என்று சந்தேகம் வந்தால் அங்கே யாரும் கடைக்காரரின் முகத்தைப் பார்க்கமாட்டார்கள். முந்தானை ஓரத்திலிருந்து ஓர் இழையை உருவித் தீக்குச்சியைக் காட்டுவார்கள். செயற்கைப் பட்டு காகிதம் எரிகிற வாசனையோடு எரியும். பாலியெஸ்டர் உருகி மணியாகத் திரண்டுவிடும். அசல் பட்டோ சுருண்டு கருகி, தீயை எடுத்ததும் தானே அணைந்து, விரலால் தேய்த்தால் பொடியாகும். அப்போது எழும் வாசனை, தலைமுடி கருகுகிற வாசனை. பட்டும் முடியும் புரதத்தால் ஆனவை. அதனால் இந்த உறவு. சரிகையில் வெள்ளி எத்தனை, பொன் எத்தனை என்று சதவீதம் சொல்ல இப்போது இயந்திரம் வந்துவிட்டது. மத்தியப் பட்டு வாரியம் 2004-ல் பட்டு முத்திரை கொண்டுவந்தது. அதற்கு அடுத்தாற்போல் காஞ்சிபுரம் பட்டு புவிசார் குறியீடும் பெற்றது. ஆனாலும் கிழவிகள் நம்புவது தீக்குச்சியைத்தான்.

ஆக, பட்டுக்கு முடி சாட்சி சொல்கிறது. முடிக்கு யார் சாட்சி சொல்வது? இந்தக் கேள்வியை எனக்குள் கிளப்பியவர் பிள்ளையார்பாளையத்தில் இருக்கும் என் நண்பர், ஒரு நெசவாளர்.

அவருடைய பெண்ணுக்கு டெங்கு ஜுரம் வந்து தெளிந்தது. தெளிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து, சீப்பு வைத்தால் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வீட்டில் அப்போதுதான் வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண் பார்க்க வந்த ஓர் அம்மாள், பூ வைத்துவிடுகிற பாவனையில் சடையைக் கையில் தூக்கிக் கனம் பார்த்துவிட்டுப் போனாளாம். பதில் வரவில்லை. முடிதான் காரணமா என்பது யாருக்கும் தெரியாது; ஆனால் பெண்ணின் தாயார் அப்படித்தான் தீர்மானித்தாள். தீபாவளிச் சீட்டுப் பணத்தை எடுத்து, 900 ரூபாய்க்கு ஒரு மூலிகைத் தைலம் வாங்கினாள். புட்டி உள்ளங்கையில் அடங்கிவிடும். மேலே முழங்கால்வரை கூந்தல் தொங்கும் ஒரு பெண்ணின் படம். முழுக்க இயற்கை, 90 நாட்களில் பலன் தெரியும் என்ற வாசகம். அது எந்தக் கம்பெனியின் சரக்கு என்பது இங்கே அவசியமில்லை. அதே படமும் அதே வாசகமும் வேறு பத்துப் புட்டிகளிலும் இருக்கின்றன.

அந்தப் படத்துக்கு ஒரு நீண்ட வம்சாவளி உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் லண்டனில் ரௌலண்ட் என்ற சிகை அலங்காரக்காரர் மக்காஸர் தைலம் என்ற ஒன்றைப் பெரிய விளம்பரத்தோடு விற்கத் தொடங்கினார். கீழ்த்திசைத் தீவு ஒன்றிலிருந்து வந்த அபூர்வ எண்ணெய் என்று சொல்லி விற்றார். முடி வளர்ந்ததோ இல்லையோ, சீமையிலுள்ள நாற்காலிச் சாய்வுகளிலெல்லாம் எண்ணெய்க் கறை படிந்தது. அதைத் தடுக்க வீட்டுப் பெண்கள் சாய்வின்மேல் வெள்ளைத் துணி போட ஆரம்பித்தார்கள். அந்தத் துணிக்கே 'மக்காஸர் தடுப்பு' என்று அர்த்தம் வரும் பெயர் ஆங்கிலத்தில் நிலைத்துவிட்டது. இன்று நம் அரசாங்க அலுவலகங்களில் பெரிய அதிகாரிகளின் நாற்காலி முதுகில் போர்த்தியிருக்கிறதே ஒரு துண்டு, அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரௌலண்டின் ஞாபகம் வரும்.

நம் தேசத்தில் இந்த வியாபாரத்தை இலக்கியத்தோடு முடிச்சுப் போட்டவர் கல்கத்தாவின் ஹேமேந்திரமோகன் போஸ். குந்தலீன் என்ற கூந்தல் தைலத்தைத் தயாரித்தவர். 1896-ல் அவர் ஒரு சிறுகதைப் போட்டி வைத்தார். கதையில் தம்முடைய தைலம் எங்காவது வரவேண்டும். ஆனால் விளம்பரம் மாதிரித் தோன்றக்கூடாது. பத்திரிகைக்கு எழுதிப் பிழைக்கிற யாரும் இந்த நிபந்தனையை ரசிக்காமல் இருக்க முடியாது. முதல் போட்டியில் பரிசு பெற்ற கதையை எழுதியவர் யார் தெரியுமா? விஞ்ஞானி ஜகதீஷ் சந்திர போஸ்!

கதை வேடிக்கையானது. கல்கத்தாவை நோக்கி வருவதாக எச்சரிக்கப்பட்ட புயல் திடீரென்று காணாமல் போய்விடுகிறது. விஞ்ஞானிகள் தலையைப் பிய்த்துக்கொள்கிறார்கள். உண்மை தெரிந்தவர் கதை சொல்கிறவர் ஒருவரே. ஜுரத்தில் விழுந்து முடி கொட்டிப்போன அவர், இலங்கைக்குக் கப்பலில் போகிறார். மகள் கொடுத்தனுப்பிய கூந்தல் தைலப் புட்டி பெட்டியில் இருக்கிறது. புயல் மோதும் சமயத்தில், எண்ணெய் அலையை அடக்கும் என்று எப்போதோ படித்தது ஞாபகம் வர, புட்டியைக் கடலில் வீசுகிறார். கடல் அமைதியாகிறது.

பிற்காலத்தில் செடி வளர்வதைப் பல்லாயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் என்ற கருவியைச் செய்து உலகப் புகழ் பெற்றவர் இவர். அந்த மேதை தைலத்தைக் கொண்டு புயலை அடக்கினார். முடியை வளர்த்துக் காட்டவில்லை. இதை நான் தற்செயல் என்று எண்ணவில்லை. 1903-ல் இதே பரிசைப் பெற்ற 'மந்திர்' என்ற கதை, மாமாவின் பெயரில் சரத்சந்திரர் அனுப்பியது. தேவதாஸைப் படித்துக் கண்ணீர் விட்ட தமிழ் வாசகர்கள் அந்த ஆசிரியரின் முதல் பரிசுக்காகக் கூந்தல் தைலத்துக்கும் கொஞ்சம் நன்றி சொல்லவேண்டும்.

தமிழில் எங்கள் ஜாதியும் இதற்கு விலக்கல்ல. வாராந்தரத் தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. அந்தத் தொகுதிகளைப் புரட்டிப் பாருங்கள். கதாநாயகி நீண்ட கூந்தலை அள்ளி முடிந்துகொள்ளும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தில் ஒரு கூந்தல் தைலம் இருக்கும். நாங்கள் கூந்தலை வர்ணித்தோம், அவர்கள் விற்றார்கள். வர்ணனையைப் படித்துவிட்டுத் தன் சடையைத் தொட்டுப் பார்த்துக்கொண்ட பெண்ணிடம் அந்த எதிர்ப்பக்கம் பேசிற்று.

சரி, தைலம் தடவி முடி வளர்ந்தது என்று சொல்கிறவர்கள் எல்லோரும் பொய் சொல்கிறார்களா? இல்லை. அவர்களில் பெரும்பாலோர் கண்டதைத்தான் சொல்கிறார்கள். சங்கடமே அங்கேதான் இருக்கிறது.

நம் தலையில் சுமார் ஒரு லட்சம் முடிகள் உண்டு. ஒவ்வொன்றும் சில வருஷம் வளர்ந்து, இரண்டு மூன்று மாதம் ஓய்ந்திருந்து, பிறகு உதிர்கிறது. அதே குழியிலிருந்து புதிதாக ஒன்று முளைக்கிறது. ஆரோக்கியமான தலையிலும் தினம் 50 முதல் 100 வரை உதிர்வது வழக்கம். கடும் ஜுரம், பிரசவம், பட்டினி, பெரிய துக்கம் இவற்றில் ஏதாவது வந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் முடிகளில் பெரும் பங்கு ஒரே சமயத்தில் ஓய்வுக்குப் போய்விடும். அவை ஏககாலத்தில் உதிர்வது இரண்டு மூன்று மாதம் கழித்து. அதற்குள் ஜுரத்தை மறந்திருப்போம். தண்ணீரைக் குறை சொல்வோம், கண்ணேறு என்போம். உடம்பு தேறியிருந்தால் உதிர்தல் தானாக அடங்கி, சில மாதங்களில் முடி பெரும்பாலும் திரும்ப வந்துவிடும். மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரை ஒட்டித்தான் வளரும் என்பதால் சடை பழைய கனத்துக்கு வர மேலும் நாளாகும்.

ஒருவர் தைலம் வாங்குவது எப்போது? உதிர்தல் உச்சத்தில் இருக்கும்போது. அதன் பிறகு 90 நாளில் என்ன நடக்கும்? தைலம் தடவினாலும் நடக்கும், தடவாவிட்டாலும் நடக்கும். மழைக்காலம் தொடங்கும்போது குடத்தை வாசலில் கவிழ்த்து வைத்தவன், குடம் கவிழ்த்ததால் மழை வந்தது என்று சத்தியம் செய்யலாம். மழை வந்தது வாஸ்தவம், அவனும் யோக்கியன்தான்.

இதையெல்லாம் நான் பிள்ளையார்பாளையத்தில் விளக்கியபோது நண்பர் பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது இருக்கட்டும் சார். எங்க தொழில்லே இழையை எண்ணாம எதையும் ஒப்புக்கிறது இல்லே. எண்ணிப் பார்த்துட்டாப் போச்சு" என்றார்.

எண்ணிப் பார்ப்பது அவருக்கு விளையாட்டு. ஆயிரக்கணக்கான பாவு இழைகளில் ஒன்று அறுந்தாலும் விரல் நுனியால் கண்டுபிடிக்கிறவர். ஓர் அட்டையில் அரை அங்குலச் சதுரமாக ஜன்னல் வெட்டினார். பெண்ணின் தலையில் நடு வகிடு எடுத்து, வகிட்டுக்கு இடமும் வலமும் ஒரே தூரத்தில் இரண்டு இடங்களைக் குறித்துக்கொண்டார். இடப்பக்கத்துக்கு 900 ரூபாய்த் தைலம். வலப்பக்கத்துக்குச் செக்கில் ஆட்டிய வெறும் தேங்காயெண்ணெய். மாதத்துக்கு ஒரு நாள் ஜன்னலை வைத்து, பூதக்கண்ணாடியால் புதிதாக முளைத்த குட்டை முடிகளை எண்ணித் தறி நோட்டில் குறித்துக்கொண்டார். பெண்ணும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். ஜுரத்துக்குப் பிறகு அவள் சிரித்தது அப்போதுதான் என்று அவள் தாயார் சொன்னாள்.

நான்கு மாதம் நடந்தது. ஒரு மாதம் இடப்பக்கம் ஓரிரு முடி கூடுதல். அடுத்த மாதம் வலப்பக்கம் கூடுதல். மொத்தத்தில் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி முளைத்து வந்தது. நண்பர் நோட்டை மூடினார். "இதுக்குச் செக்கெண்ணெயே போதும்" என்றார்.

அவர் மனைவி அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். என்னைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் அண்ணா, தலை ஒண்ணுதானே? இடப்பக்கம் தேய்ச்ச எண்ணெய் வலப்பக்கம் இறங்காதா? தலகாணியிலே படுத்துப் புரள்றவளுக்கு வகிடு என்ன கரையா? அதனாலேதான் ரெண்டு பக்கமும் வளர்ந்திருக்கு. இவர் பாட்டுக்கு நோட்டை மூடிட்டார்!"

நண்பர் வாயடைத்துப் போனார். நக்கீரரே எழுந்து நின்றாற்போல் இருந்தது. அந்த அம்மாளின் ஆட்சேபத்தில் நியாயம் இருந்தது. அவள் சொல்லாமல் விட்ட ஆட்சேபங்களும் உண்டு. எந்தப் பக்கம் எந்த எண்ணெய் என்று எண்ணுகிறவருக்குத் தெரியும். மனசு கையை இழுக்கலாம். தவிர, ஒரு தலையை வைத்து ஊருக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

இந்த மூன்று ஆட்சேபங்களுக்கும் பதில் சொல்வதற்காகத்தான் வைத்திய உலகம் ஒரு முறையை வகுத்திருக்கிறது. நிறையப் பேரைச் சேர்த்து, குலுக்கிப் போட்டு இரண்டு கட்சியாகப் பிரிக்கிறார்கள். ஒரு கட்சிக்கு மருந்து. மறு கட்சிக்கு அதே நிறம், அதே வாசனை உள்ள போலி. யாருக்கு எது என்பது தடவுகிறவருக்கும் தெரியாது, எண்ணுகிறவருக்கும் தெரியாது. ரத்த அழுத்தத்துக்குக் கொடுத்த மினாக்ஸிடில் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு உடம்பில் முடி வளர்வதைக் கண்டு, அதை மேல்பூச்சாக்கி இந்த முறையில்தான் சோதித்தார்கள். 1988-ல் அமெரிக்க அரசாங்கம் அதை வழுக்கைக்கு அனுமதித்தது. அந்த மருந்தும் எல்லோருக்கும் பலிப்பதில்லை. நிறுத்தினால் பலனும் போய்விடும். அதை அந்தப் புட்டியே சொல்கிறது.

நம் சட்டமும் இந்த விஷயத்தில் தூங்கிவிடவில்லை. 1945-ஆம் வருஷத்து மருந்து விதிகளோடு ஓர் அட்டவணை இணைந்திருக்கிறது. இன்னின்ன நோய்களைத் தடுப்பதாகவோ தீர்ப்பதாகவோ எந்த மருந்தும் சொல்லிக்கொள்ளக் கூடாது என்பது அதன் சாரம். புற்றுநோய், நீரிழிவு ஆகியவற்றோடு வழுக்கையும், புது முடி வளர்ப்பதும் அதில் இருக்கின்றன. ஆனால் விளம்பரம் எழுதுகிறவர்கள் எங்களைவிடச் சொல்லறிந்தவர்கள். வளரும் என்று சொல்வதில்லை. 'உதிர்வு குறையும்' என்கிறார்கள். கீழே எறும்பு எழுத்தில், 'உடைவதால் ஏற்படும் உதிர்வு' என்று ஒரு குறிப்பு. முழங்கால்வரை தொங்கும் கூந்தல் படம் மீதியைச் சொல்லிவிடுகிறது. படத்தின்மேல் யார் வழக்குப் போடுவது?

போட்டவர் ஒருவர் உண்டு. கேரளத்தில் திருச்சூரைச் சேர்ந்த அவர், 2012-ல் 376 ரூபாய் கொடுத்து தாத்ரி நிறுவனத்தின் கேசக் கிரீமை வாங்கித் தடவிப் பார்த்தார். விளம்பரத்தில் சொன்னபடி வளரவில்லை. மாவட்ட நுகர்வோர் மன்றத்துக்குப் போனார். விளம்பரத்தில் தோன்றிய மலையாள நடிகர் அனூப் மேனனை விசாரித்தபோது, தாம் அந்தக் கிரீமைத் தடவியதில்லை, அம்மா தயாரிக்கும் எண்ணெயைத்தான் உபயோகிக்கிறேன் என்று அவர் ஒப்புக்கொண்டார். 2020 கடைசியில் மன்றம் தீர்ப்புச் சொல்லிற்று. நிறுவனம் 10,000 ரூபாய், நடிகர் 10,000 ரூபாய் கொடுக்கவேண்டும். 2022-ல் மத்திய அரசாங்கம் வெளியிட்ட விளம்பர நெறிமுறைகளில், ஒரு பொருளைச் சிபாரிசு செய்கிறவர் அதைப் பற்றித் தகுந்த விவரமோ அனுபவமோ உள்ளவராக இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். தும்பிக்குச் சங்கப் பாட்டு போட்ட நிபந்தனை கடைசியில் அரசாங்க உத்தரவாகவும் வந்துவிட்டது!

இயற்கை எண்ணெய்களால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்று நான் சொல்வதாக யாரும் எண்ணவேண்டாம். 2003-ல் மும்பையில் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், கனிம எண்ணெய் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டுப் பார்த்தார்கள். முடியிலிருந்து புரதம் கழன்று போவதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் ஒன்றே என்று கண்டார்கள். அதன் கொழுப்பு அமிலம் சிறியது, நேரானது, முடிக்குள் நுழைந்துவிடுகிறது. ஆராய்ந்தவர்கள் தேங்காயெண்ணெய் விற்கும் மாரிகோ நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடவேண்டும். ஆனாலும் அவர்கள் ஒன்றோடொன்று ஒப்பிட்டார்கள். யாரும் திரும்பச் செய்து பார்க்கும்படி முறையை எழுதி வைத்தார்கள். முடிவும் அடக்கமானது. இருக்கிற முடியை எண்ணெய் காக்கும் என்பதுதான் அது. நம் பாட்டிமார் வாரம் தவறாமல் எண்ணெய் வைத்ததில் அர்த்தம் உண்டு. இல்லாத முடியை அது முளைக்க வைக்கும் என்பதற்கு அந்த ஆராய்ச்சி சாட்சியல்ல.

பிள்ளையார்பாளையத்து அம்மாள் இரண்டாவது புட்டி வாங்கவில்லை. தர்க்கத்தில் தோற்று அல்ல. சீட்டுப் பணம் தீர்ந்துவிட்டது. கரிசலாங்கண்ணியும் நெல்லிக்காயும் போட்டுத் தானே காய்ச்சத் தொடங்கினாள். பெண்ணின் சடை கொஞ்சம் கொஞ்சமாகக் கனத்து வந்தது. இப்போது அந்தத் தெருவில் அவள் எண்ணெய்க்கு நல்ல பெயர். பக்கத்து வீட்டில் பிரசவித்து முடி கொட்டுகிறவர்கள் கிண்ணத்தோடு வந்து வாங்கிப் போகிறார்கள். அவர்களுக்கும் வளர்கிறது. அவள் காசு வாங்குவதில்லை.

பட்டு விற்கிறவனிடம் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்க்க நமக்கு உரிமை இருக்கிறது, அவனும் மறுப்பதில்லை. தைலம் விற்கிறவர், 90 நாள் பொறுத்திருங்கள் என்கிறார். அந்த 90 நாள்தான் ஜுரத்தில் போன முடி தானே திரும்பத் தொடங்குகிற காலம். அவர் கேட்கும் தவணையில் வேலை செய்வது நம் உடம்பு. கூலி வாங்குவது புட்டி. எத்தனை பேர் தலையில், எதோடு ஒப்பிட்டு, யார் எண்ணினார்கள் என்று அடுத்த முறை கடையில் கேட்டுப் பாருங்கள். பதிலுக்குப் படத்திலுள்ள பெண்ணைக் காட்டினால், அந்தப் பணத்துக்கு முட்டையும் கீரையும் பயறும் வாங்கி, ஜுரம் தெளிந்த பெண்ணுக்குக் கொடுங்கள்.